சமயநல்லூரின் உறுப்பினர் கக்கன்

மதுரைக்கு வடமேற்கே திண்டுக்கல் சாலையில் அமைந்த சமயநல்லூர், 1962ஆம் ஆண்டுத் தேர்தலில் கக்கனைச் சட்டமன்றத்திற்கு அனுப்பிய தொகுதியாகும். மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் 1908இல் கோயில் பூசாரி ஒருவரின் மகனாய்ப் பிறந்தவர் அவர். 1939 சூலை 8ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர் அழைத்துச் செல்ல, மீனாட்சியம்மன் கோயிலுள் அடியெடுத்து வைத்த ஒடுக்கப்பட்டோருள் அவரும் ஒருவர். ஆயினும் அவரைப் புரட்சியாளர் என்பது பொருந்தாது. கதரும் கடவுட்பற்றும் கட்சிக் கட்டுப்பாடுமே அவருடைய வழி.

வைகை அணை திறக்கப்பட்ட 1959இல் அவர் பொதுப்பணித்துறை அமைச்சர். பின்னர் வேளாண்மை, 1963 அக்டோபர் முதல் உள்துறை.

அவரது எளிமையைப் பாடாத மேடை இல்லை. மதுரை அரசு மருத்துவமனையின் பொதுப்பிரிவில் கிடந்த முன்னாள் அமைச்சரை முதல்வர் எம்.ஜி.ஆர். கண்டு கலங்கிய காட்சி கவிஞர்க்கு எளிதில் வாய்த்துவிடுகிறது. 1965 அவ்வாறு வாய்ப்பதில்லை. அவ்வாண்டு சனவரி 25 அன்று, இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர் சென்ற ஊர்வலத்தின்போது மதுரை வடக்கு மாசி வீதியில் மூண்ட மோதல் தமிழகமெங்கும் பரவியது. அரசுக் கணக்கின்படியே மாண்டோர் ஏறத்தாழ 70 பேர். கொள்கை முதல்வர் பக்தவத்சலத்தினுடையது என்று விலக்கிவிடலாகாது. உள்துறைக்கும் அதில் பங்குண்டு. தமிழின் பெயரால் கூடுவோர் இதனை மறைத்துக் கக்கனைப் புகழ்வது அவரது நேர்மைக்கே இழுக்கு.

1967இல் மேலூர் தெற்கில் நின்று தி.மு.க.வின் ஓ.பி. இராமனிடம் தோற்றார். வாடகை வீட்டிலேயே வாழ்ந்து, 1981 திசம்பர் 23 அன்று மறைந்தார்.