எட்டு வயசுப் பையனுக்கு என்ன தொழில்?

இந்த முறை கொஞ்சம் வித்தியாசமான ஒரு வரலாறு. ராஜாக்கள் கிடையாது, போர் கொஞ்சம் உண்டு. பென்சிலும் நாற்காலியும் நிறைய உண்டு.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. பொம்மையார்பாளையத்தில் என் சித்தப்பா மீன்பிடித் தொழில் செய்கிறார். அவர் பையன் மூன்றாம் வகுப்பு படித்தபோது வாயால் கேட்டால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வான், எழுதச் சொன்னால் மட்டும் அழுவான். நாலு வரி எழுதுவதற்குள் கை வலிக்கும், பென்சில் முனை உடையும், எழுத்து கோட்டைத் தாண்டி ஓடும். பள்ளியில் "சோம்பேறி" என்று பெயர், வீட்டில் அடி. யாரோ சொல்லி, புதுச்சேரியில் ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் கூட்டிப் போனோம். பெயரைக் கேட்டதும் சித்தப்பா என்னிடம் கேட்டார்: "தொழில் வைத்தியமா? எட்டு வயசுப் பையனுக்கு என்னடா தொழிலு?"

சிரிப்பு வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அது சரியான கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் இதைப் படிக்க ஆரம்பித்தேன்.

போரில் பிறந்த வைத்தியம்

1917 மார்ச் மாதம். நியூயார்க் மாநிலத்தில் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் ஒரு சின்னக் கூட்டம் நடந்தது. கூட்டியவர்களில் ஒருவர் ஜார்ஜ் பார்ட்டன் என்ற கட்டடக் கலைஞர். நோயால் ஒரு பக்கம் செயலிழந்து, தச்சு வேலையும் தோட்ட வேலையும் செய்தே தன்னை மீட்டுக்கொண்டவர். கையும் மனசும் ஒரு வேலையில் ஈடுபட்டால் உடம்பு தேறும் என்பதுதான் அங்கு கூடியவர்களின் நம்பிக்கை. ஆக்குபேஷனல் தெரபிக்கென ஒரு சங்கம் அன்று உருவானது.

அடுத்த மாதமே அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. கை கால் இழந்தும் மனம் உடைந்தும் வந்த சிப்பாய்களை மறுபடி வேலைக்குத் தயார் செய்ய இந்த முறை தேவைப்பட்டது. நெசவு, கூடை முடைதல், மரவேலை... எல்லாம் மருத்துவமனைக்குள் வந்தன. ஆக, "தொழில்" என்ற சொல் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. ஆரம்பத்தில் இது பெரும்பாலும் பெரியவர்களுக்கான வைத்தியம்.

இந்தியாவுக்கு வந்த கதை

இதை இந்தியாவில் வேரூன்ற வைத்தவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் எலிசபெத் லண்டி என்ற பெயரில் பிறந்து, இந்தியரை மணந்து இங்கேயே தங்கியவர். 1950ல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் இதற்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1952ல் அகில இந்திய சங்கம் உருவானது. அதே ஆண்டு உலகக் கூட்டமைப்பு தொடங்கியபோது அதன் நிறுவன நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நாம் பின்னால் போய்ச் சேர்ந்தவர்கள் அல்ல, முதல் வரிசையில் இருந்தவர்கள்!

தமிழ்நாட்டில் வேலூர் சி.எம்.சி.யை விட முடியாது. டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையில் நிமிர்த்தினார். ஆனால் நிமிர்ந்த கை வேலை செய்யப் பழக வேண்டுமே? 1950களில் 'நவ ஜீவ நிலையம்' என்ற இடத்தில் அவர்களுக்குத் தச்சு வேலை கற்றுத்தந்தார்கள். உணர்ச்சியற்ற கைக்குக் காயம் படாதபடி கருவிகளின் பிடியை மாற்றினார்கள். "மனிதனை மாற்ற முடியாவிட்டால் கருவியை மாற்று" என்பதே இதன் அடிப்படை. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954ல் ஒரு கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்தார். 1966ல் அங்கு மறுவாழ்வு நிலையம் உருவானதில் அவர் பங்கு பெரியது.

பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது எப்போது?

அமெரிக்காவில் ஜீன் அயர்ஸ் என்ற தெரபிஸ்ட், புத்தி இருந்தும் படிப்பில் திணறும் குழந்தைகளை ஆராய்ந்து 1972ல் ஒரு நூல் வெளியிட்டார். தொடுதல், சமநிலை, உடம்பின் அசைவு ஆகிய உணர்வுகளை மூளை சரியாக ஒருங்கிணைக்காவிட்டால் படிப்பும் தடுமாறும் என்றார். அவருடைய கொள்கையின் சில பகுதிகள் பற்றி இன்றும் விவாதம் உண்டு. ஆனால் "இவன் மக்கு" என்பதற்குப் பதிலாக "இவனுக்கு எங்கே சிக்குகிறது?" என்று கேட்க வைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1975ல் வந்த அமெரிக்கச் சட்டம், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் கல்விக்குத் தேவையானால் பள்ளியே இந்த சேவையைத் தர வேண்டும் என்றது.

நம் நாட்டில் பாதை வேறு. பெற்றோரும் பாதிக்கப்பட்டவர்களும்தான் கதவைத் தட்டினார்கள். பெருமூளை வாதம் உள்ள தன் மகளுக்காக மிது அலூர் 1972ல் பம்பாயில் படிப்பும் சிகிச்சையும் ஒரே கூரையில் கிடைக்கும் பள்ளியைத் தொடங்கினார். சென்னையில் 1985ல் பூனம் நடராஜன் தொடங்கியது இன்றைய 'வித்யாசாகர்'. தென்காசி பக்கம் ஆய்க்குடியில், கடற்படைத் தேர்வின்போது அடிபட்டு முடங்கிய ராமகிருஷ்ணன் 1981ல் அமர் சேவா சங்கத்தை ஆரம்பித்தார். கிராமத்து வீடுகளுக்கே போய்க் குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிறார்கள். எங்கள் பக்கத்தில் புதுச்சேரி சத்யா சிறப்புப் பள்ளி 2003ல் தொடங்கியது.

சட்டங்கள்? 1995 சட்டத்தில் கற்றல் குறைபாடு இடம்பெறவே இல்லை. 2016 சட்டத்தின் 21 வகைகளில்தான் அது சேர்ந்தது. அதை முன்னதாகவே கண்டறிய வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. கவனியுங்கள், 1917ல் இருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய நூறு வருடம்! இப்போது உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு அரசு நடத்தும் 'உரிமைகள்' திட்டத்தில் 'விழுதுகள்' என்ற மையங்கள் வந்திருக்கின்றன. பல சிகிச்சைகளும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம்.

சரி, தம்பிக்கு என்ன ஆச்சு?

அந்த அம்மா அவன் நோட்டைப் பார்க்கும் முன்னாடி காலைப் பார்த்தார். நாற்காலியில் கால் தரையைத் தொடாமல் தொங்கியது. "உடம்பு ஆடாம இருந்தாத்தான் கை நிதானமா எழுதும்" என்றார். வீட்டில் ஒரு பழைய மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டோம், கால் வைக்க. பென்சிலில் துணி சுற்றித் தடிமனாக்கினோம். வேலூரில் கருவிகளின் பிடியை மாற்றினார்களே, அதே சூத்திரம்!

பிறகு விளையாட்டு மாதிரியே பயிற்சிகள். மாவு பிசைவது, காகிதம் கிழிப்பது, துணி கிளிப்பை அழுத்தித் திறப்பது, புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகப் பொறுக்குவது. எல்லாம் விரலுக்குப் பலம் தர. இதைப் பார்த்து நாமே வீட்டில் எல்லாக் குழந்தைக்கும் செய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். எந்தக் குழந்தைக்கு எது என்று சோதித்துச் சொல்வதுதான் தெரபிஸ்டின் வேலை. எழுதச் சிரமப்படும் எல்லாருக்கும் காரணம் ஒன்றல்ல. சிலருக்குக் கண்ணாடி போட்டாலே போதும்.

இரண்டு மாதத்தில் அழாமல் அரைப் பக்கம் எழுதினான். அழகான கையெழுத்து இல்லை, ஆனால் படிக்க முடிந்தது. அப்புறம் நின்றுவிட்டது. காரணம் வேறொன்றும் இல்லை. ஒவ்வொரு முறையும் சித்தப்பா ஒரு நாள் கடலுக்குப் போவதை விட வேண்டும், தம்பி ஒரு நாள் பள்ளியை விட வேண்டும். படிப்புக்காகச் செய்யும் வைத்தியத்துக்குப் படிப்பையே விட வேண்டியிருந்தது!

அதனால்தான் இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: சிகிச்சை மருத்துவமனையில் இருந்து பள்ளிக்கு நகர்ந்த அந்த ஒரு அடி. மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்பவர் பிள்ளைக்கும் அந்த ஒரு அடிதான் தேவை. மாதத்துக்கு ஒரு நாள் ஒரு தெரபிஸ்ட் பள்ளிக்கு வந்து, பெஞ்சு உயரத்தைப் பார்த்து, டீச்சரிடம் நாலு வார்த்தை சொன்னாலே பல "சோம்பேறிகள்" காணாமல் போவார்கள் என்பது என் எண்ணம்.

சித்தப்பாவின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. விளையாடுவது, எழுதுவது, சட்டைப் பொத்தானைத் தானே போடுவது... எட்டு வயசுப் பையனுக்கு அதுதான் தொழில். மீன் பெட்டி இன்னும் அவன் மேசைக்கு அடியில்தான் இருக்கிறது. பள்ளியில்தான் இன்னும் கால் தொங்குகிறது.