விளிச்சொல்லும் குடும்பப்பெயரும்: யப்பானியக் காதற் சித்திரக்கதை ஒன்றின் சமூக வரலாற்றுப் பின்னணி

வெகுசனப் பொழுதுபோக்கு என ஒதுக்கப்படும் ஆக்கங்கள் சமூக வரலாற்றுக்குச் சான்றுகளாக அமைவதுண்டு. யப்பானில் ‘மங்கா’ எனப்படும் சித்திரக்கதைகளுள் காதல் நகைச்சுவைக் கதைகள் இத்தகையன. ருமிக்கோ தகாஹாஷி 1980 முதல் 1987 வரை ‘பிக் கொமிக் ஸ்பிரிட்ஸ்’ சஞ்சிகையில் தொடராக எழுதி வரைந்த, 15 தொகுதிகளாக வெளிவந்த ‘மேசொன் இக்கொக்கு’வை இங்கு நாம் ஆராய்வோம்.

பழைய மரக்கட்டடம் ஒன்றில் அறைகள் வாடகைக்கு விடப்பட்டுள்ளன. ஐந்தாம் அறையில் வாழும் கொடாய், பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சையில் தவறி, மறுமுறை தோற்றுவதற்குக் காத்திருப்பவன். இத்தகையோரை யப்பானியர் ‘ரோனின்’ என்பர். முன்னர் தலைவனற்ற சாமுராய் வீரனைக் குறித்த சொல் இது. நிலமானிய ஒழுங்கில் இடமிழந்தவனைச் சுட்டிய பெயர், பரீட்சையால் மனிதரைத் தரம்பிரிக்கும் சமூகத்தில் மாணவனுக்கு உரியதாயிற்று. இவ்வில்லத்தின் பராமரிப்பாளராக ஒட்டோநாஷி கியோக்கோ என்னும் இளம் விதவை வந்து சேர்கிறாள். கொடாய் அவளிடத்துக் காதல் கொள்கிறான்.

ஆயின் அவளை அவன் ‘கன்ரினின்-சன்’, அதாவது ‘பராமரிப்பாளர் அவர்களே’ என்றே நெடுங்காலம் அழைக்கிறான். மதிப்புக்குரியோரிடம் பேசுகையில் முன்னிலைப் பெயர்களைத் தவிர்த்து, பதவிப்பெயர், குடும்பப்பெயர், இயற்பெயர் என்பவற்றுள் ஒன்றுடன் மரியாதை ஒட்டைச் சேர்த்து விளிப்பது யப்பானிய வழக்கு. எதனைத் தெரிவுசெய்கின்றனர் என்பதைக் கொண்டே உறவின் நெருக்கம் அறியப்படும். மதுவெறியில் ஊர் கேட்க அவளது இயற்பெயரைக் கூவும் கொடாய், வெறி தெளிந்தபின் பதவிப்பெயருக்கே மீள்கிறான். கியோக்கோ தன் நாயை ‘சொயிச்சிரோ-சன்’ என அழைக்கிறாள். அது மறைந்த கணவனின் பெயர். நாய்க்கு மரியாதை ஒட்டு வழங்குவது நகைப்பைத் தருகிறது; அவள் கணவனை இன்னும் விட்டு நீங்கவில்லை என்பதையும் அதே ஒட்டு உணர்த்திவிடுகிறது.

குடும்பப்பெயரின் வரலாறு இதனினும் கருதத்தக்கது. யப்பானியப் பொதுமக்கள் யாவரும் குடும்பப்பெயர் கொள்ளவேண்டும் என்பது 1875இல் கட்டாயமாயிற்று. 1898ஆம் ஆண்டின் குடியியற் சட்டம் ‘இயே’ எனும் குடும்ப அமைப்பை நிலைநாட்டி, உறுப்பினரின் திருமணத்துக்குக் குடும்பத் தலைவனின் சம்மதம் வேண்டும் என விதித்தது. போருக்குப் பின் 1947இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, இருவரின் இசைவே திருமணத்துக்கு அடிப்படை என்றது. அவ்வாண்டின் சட்டத் திருத்தம் ‘இயே’ அமைப்பை ஒழித்தது. எனினும் கணவனும் மனைவியும் ஒரே குடும்பப்பெயர் கொள்ளவேண்டும் என்னும் விதி எஞ்சியது.

கியோக்கோவின் நிலையை இப்பின்னணியில் நோக்குதல் வேண்டும். கைம்மை எய்தியோர் விரும்பின் முன்னைய பெயருக்கு மீளச் சட்டம் இடமளிக்கிறது. அவளோ பிறந்தகப் பெயரான ‘சிகுசா’வை ஏற்காது, கணவனின் ‘ஒட்டோநாஷி’யையே தாங்கி நிற்கிறாள். பதிவேட்டில் பெயரை மாற்றுமாறு பெற்றோர் வற்புறுத்துகின்றனர். கொடாயோ நிலையான தொழில் கிட்டும்வரை மணம் பேசத் தயங்குகிறான். ஆடவனின் உழைப்பூதியத்தில் குடும்பத்தை நிறுத்தும் பொருளாதார ஒழுங்கே அவனை நாவடக்குகிறது. இறுதியில் அவள் கொடாய் கியோக்கோ ஆகிறாள். காதல் அவளது சொந்தத் தெரிவு. பெயரோ மீண்டும் கணவன் வழியே வருகிறது.

இந்நிலை கதையோடு முடிந்துவிடவில்லை. ஒரே குடும்பப்பெயர் விதி அரசியலமைப்புக்கு முரணன்று என யப்பானிய உச்ச நீதிமன்றம் 2015இலும் 2021இலும் தீர்ப்பளித்தது. மணம் புரிவோருள் ஏறத்தாழ 95 வீதத்தினர் கணவனின் பெயரையே கொள்கின்றனர். எழுத்தளவில் விதி இருபாலார்க்கும் பொதுவாயினும், நடைமுறையில் பெயர் இழப்பவள் பெண்ணே.

பிறமொழி பெயர்ப்பாளர் சிலர் வாசிப்பு எளிமை கருதி இம்மரியாதை ஒட்டுகளை நீக்கிவிடுவதுண்டு. அவ்வாறு நீக்கின், ‘கன்ரினின்-சன்’ என்னும் விளியிலிருந்து இயற்பெயர்வரை கொடாய் கடந்த தூரம் வாசகனுக்குப் புலப்படாது. கதை வெறும் காதற் குழப்பமாகவே எஞ்சும். சட்டம் அரை நூற்றாண்டில் மாற்ற இயலாத உறவுகள் அன்றாட விளிச்சொற்களில் உறைந்துள்ளன. வெகுசனக் கலையை ஆராயப் புகும் நாம் முதலில் செவிகொடுக்க வேண்டியது அச்சொற்களுக்கே.