நீருக்குள் நிற்கும் ஆலயம்



மேட்டூர் அணையின் நீர்மட்டம் ஏறத்தாழ 80 அடிக்குக் கீழே இறங்கும் ஆண்டுகளில், பண்ணவாடி அருகே பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரம் நீருக்கு மேல் தலைகாட்டுகிறது. நீர் இன்னும் வற்றினால் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும் வெளிப்படும். இவற்றைக் காண வருவோர் பலர். அங்கே மனிதர் வாழ்ந்த ஊர்கள் இருந்தன என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே.

காவிரியின் குறுக்கே இவ்வணையைக் கட்டும் பணி 1925-இல் தொடங்கி 1934-இல் நிறைவுற்றது. அன்றைய சென்னை மாகாண ஆளுநரின் பெயரால் அது ஸ்டான்லி நீர்த்தேக்கம் எனப்பட்டது. 120 அடி நிரம்பினால் 93.47 டி.எம்.சி. நீர் அதில் தேங்கும். தஞ்சைக் கழனிகள் அதனால் செழித்தன. ஆயினும் நீர் தேங்கிய இடம் வெறும் பள்ளத்தாக்கு அன்று. காவிரிக் கரையில் உழுது விதைத்து, தத்தம் ஆலயங்களில் வழிபட்டு வாழ்ந்த மக்களின் நிலம் அது. அவர்கள் வீடு வாசலை விட்டு மேட்டு நிலங்களுக்குப் பெயர்ந்தனர். தட்டுமுட்டுகளைச் சுமந்து சென்றனர். கல்லால் எழுப்பிய ஆலயத்தையும் முன்னோர் உறங்கிய மண்ணையும் சுமக்க இயலவில்லை.

இஸ்ரவேலர் யோர்தானைக் கடந்தபோது ஆற்றிலிருந்து 12 கற்களை எடுத்துக் கில்காலில் நாட்டியதை அறிவோம். பிள்ளைகள் அவற்றின் பொருளைக் கேட்கும்போது தகப்பன்மார் விடை சொல்லவேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆனால் யோசுவா 4-ஆம் அதிகாரம் வேறு 12 கற்களைப் பற்றியும் கூறுகிறது. அவை யோர்தானின் நடுவிலேயே நாட்டப்பட்டன. கரையில் நின்றவற்றை யாவரும் கண்டனர். ஆற்றின் நடுவே நின்றவற்றை வெள்ளம் மூடியது. மூடப்பட்டாலும் அவையும் சாட்சிக் கற்களே.

பண்ணவாடியின் கோபுரம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அணை நிரம்பும்போது நாம் ஸ்தோத்திரம் செலுத்துகிறோம், அது தகும். ஆனால் அந்த நிறைவுக்காகத் தம் ஊரை இழந்தவர்களை அந்நாளிலேயே மறந்துவிடுகிறோம். வறட்சி வந்து கோபுரம் தெரிந்தால்தான் அவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். நமக்குக் கிடைத்த நன்மைக்கு வேறொருவர் விலை செலுத்தியிருந்தால், அவரை நினைவுகூராத நன்றி அரைகுறையானதே.

ஆகவே, அக்கரையோர ஊர்களிலிருந்து பெயர்ந்த குடும்பத்தார் உங்கள் சுற்றத்திலோ அயலகத்திலோ இருந்தால், இந்த வாரம் அவர்களிடம் அமர்ந்து கேளுங்கள். பாட்டன்மார் சொன்ன ஊர்ப்பெயரை எழுதி வையுங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

வெள்ளம் மூடியதையும் காண்கிற ஆண்டவர், மறவாத இருதயத்தை நமக்கு அருள்வாராக. ஆமென்.