கூதிரும் காப்பும்: நெடுநல்வாடை காட்டும் பருவ இன்பங்களும் இசையும்

முன்னுரை

பண்டைத் தமிழர் ஓராண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் கார்க்கும் முன்பனிக்கும் இடைப்பட்டது கூதிர். தொல்காப்பியம் பருவங்களின் பெயர்களைத் திணைகளோடு இயைத்துக் கூறுகிறது; ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்க்குரிய திங்கள்கள் என்னும் வரையறை உரையாசிரியர்கள் வழியே நமக்குக் கிட்டுகிறது. இப்பருவத்தைத் தமிழறியாதார்க்கு விளக்க நேரும்போது, வடமொழி மரபினைத் தழுவிச் 'சரத்' என்று சொல்லிவிடுவதும், மேலைநாட்டுப் பருவத்தோடு இணைத்து 'இலையுதிர் காலம்' என்று சொல்லிவிடுவதும் உண்டு. தமிழகத்திற்கு வெளியே தமிழிலக்கியம் கற்பிப்போர் இச்சிக்கலை நன்கறிவர். நாட்காட்டி அளவில் இச்சொற்கள் ஓரளவு ஒத்து வரினும், வாழ்க்கை அளவில் இவை ஒவ்வா. கூதிரில் மக்கள் எவற்றை நுகர்ந்தனர், எங்கே நுகர்ந்தனர், யார் நுகர்ந்தனர் என்னும் வினாக்களை நெடுநல்வாடையை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. கூதிரின் இன்பம் காப்பின் இன்பம் என்பதும், அக்காப்பு எல்லார்க்கும் ஒருபடித்தாகக் கிட்டவில்லை என்பதும் இதன் கருதுகோள்.

கூதிரும் சரத்தும்

வடஇந்தியப் பகுதிகளில் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் புரட்டாசி அளவில் ஓய்ந்துவிடுகிறது. அதன் பின் வரும் சரத், தெளிந்த வானமும் நிறைந்த நிலவும் உடைய பருவம். காளிதாசரின் பெயரால் வழங்கும் இருதுசங்காரத்தின் ஆறு சருக்கங்களுள் மூன்றாவது இப்பருவத்திற்குரியது. சரத் பூர்ணிமை இரவில் பாலமுதினை நிலவொளியில் திறந்து வைத்து உண்ணும் வழக்கம் இன்றும் அப்பகுதிகளில் உள்ளது. சுருங்கச் சொன்னால், சரத் மக்களை வெளியே அழைக்கும் பருவம்.

தமிழகத்தின் நிலை வேறு. அக்டோபர் முதல் திசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றே இந்நிலத்திற்கு ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியைத் தருகிறது. வடக்கே வானம் வெளுத்த பின்னரே இங்கு வானம் கருக்கிறது. எனவே கூதிர் மக்களை உள்ளே அழைக்கும் பருவம். 'இலையுதிர் காலம்' என்னும் தொடரும் பொருந்தாது. தமிழகத்தின் வறண்ட காடுகளில் மரங்கள் இலை உதிர்ப்பது மழைக்காலம் கழிந்து, பின்பனியிலும் வேனிலின் தொடக்கத்திலுமேயாம். கூதிரில் நிலம் பசுமை பூத்து நிற்கும். நெடுநல்வாடை காட்டும் நிலமும் அத்தகையதே: முசுண்டை வெண்மையாகவும் பீர்க்கு பொன்னிறமாகவும் பூக்கின்றன, நெற்கதிர் முற்றி வளைகிறது, கமுகின் காய்கள் திரள்கின்றன. குளிரும் செழிப்பும் ஒருங்கே அமைந்த பருவம் இது.

துறத்தலும் கொள்ளலும்

பத்துப்பாட்டினை 1889இல் உ.வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்த பின்னர், நெடுநல்வாடை பலராலும் பலபடப் பயிலப்பட்டுள்ளது. இப்பாட்டு அகமா புறமா என்னும் வினாவே ஆய்வாளரின் கவனத்தைப் பெரிதும் கவர்ந்தது. பாசறைக் காட்சியில் வேலின் தலையில் கட்டப்பெற்ற வேம்பு பாண்டியனைச் சுட்டிவிடுதலின் இது புறமாயிற்று என்பது நச்சினார்க்கினியர் கொள்கை. அவ்விவாதத்தின் நிழலில், நகர மாந்தரின் கூதிர் வாழ்க்கையைக் கூறும் பகுதி வெறும் வருணனையாகவே எஞ்சிவிட்டது. வரலாற்று நோக்கில் அப்பகுதி விலைமதிப்பற்ற சான்றாகும்.

அப்பகுதியை ஊன்றி நோக்கின், நக்கீரர் இருவகைப் பட்டியல்களை ஊடும் பாவுமாக அமைத்திருப்பது புலனாகும். ஒன்று, கூதிரில் மக்கள் துறந்தவை. வடநாட்டார் கொணர்ந்த வெண்ணிற வட்டக்கல் தென்னாட்டுச் சந்தனத்தோடு பயனின்றிக் கிடக்கிறது. தேர்ந்த கம்மியன் செய்த சிவந்த விசிறி சுருக்கப்பட்டு, சிலந்தி நூல் படிந்து தொங்குகிறது. தென்றலை வரவேற்கும் மேல்மாடத்து வேனிற்பள்ளியின் கதவுகள் தாழிடப்பட்டுள்ளன. மகளிர் முழுக்கோதை புனைவதில்லை. குறுகிய வாயுடைய கலத்திலுள்ள குளிர்ந்த நீரை எவரும் பருகுவதில்லை. மற்றொன்று, அவற்றுக்கு ஈடாகக் கொண்டவை. ஏவலர் நறுமணக் கூட்டுகளை அரைக்கின்றனர். தகர விறகில் மூட்டிய தீயில் அகிலும் அயிரும் இட்டுப் புகைத்து, மகளிர் கூந்தலில் சில மலர்களை மட்டும் முடிக்கின்றனர். அகன்ற வாயுடைய தடவில் செந்நெருப்பு நிறைகிறது.

இவ்விரு பட்டியல்களும் ஒருசேர உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. இன்பப் பொருள்களுக்கும் பருவம் உண்டு. செல்வர் இல்லம் ஆண்டு முழுமைக்கும் ஒரே வகைப் பொருள்களைப் புழங்கவில்லை. வேனிற்கு ஓர் அறையும் ஒரு பூச்சும் ஒரு கலமும், கூதிர்க்கு வேறு அறையும் வேறு புகையும் வேறு கலமும் இருந்தன. சந்தனக்கல் வடக்கிலிருந்தும் சந்தனம் தெற்கிலிருந்தும் வந்தன என்னும் குறிப்பு, இந்நுகர்வின் பின்னே இருந்த தொலைதூர வணிகத்தையும் காட்டிவிடுகிறது.

மாலைப் பொழுதை மகளிர் அறியும் முறையும் ஈண்டு நோக்கத்தக்கது. மழை மூடிய வானில் ஞாயிற்றின் மறைவு தெரியாது. தட்டில் இட்டு வைத்த பிச்சியின் அரும்புகள் மலர்வதைக் கொண்டே பொழுது அறிந்து, இரும்பு விளக்கில் திரி ஏற்றி, நெல்லும் மலரும் தூவி வழிபடுகின்றனர். மனைப்புறாக்களோ இரவும் பகலும் வேறுபாடு அறியாது, இரை தேடச் செல்லாமல், இறப்பின் அடியிலேயே கால் மாற்றி நிற்கின்றன. வெளியுலகம் மறைந்தபோது வீடே நாழிகைக் கணக்கை வகுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

யாழும் ஈரமும்

தண்ணீரைத் துறந்து தீயை நாடியதைக் கூறிய உடனேயே நக்கீரர் இசைக்கு வருகிறார் (64-70). ஆடல் மகளிர் பாட விரும்புகின்றனர். ஆயின், சிறிய யாழின் நரம்பு குளிரால் தன் இனிய குரலில் திரிந்துவிட்டது. அந்நரம்பினைத் தம் மார்பின் வெம்மையில் தடவி, உரிய பண்முறையில் அதனை நிறுத்துகின்றனர். பலர் இதனைக் காமச்சுவை மிக்க ஓர் உவகைக் காட்சியாக மட்டும் கண்டு கடந்து சென்றனர். இது கருவியிசை பற்றிய நுட்பமான தொழிற்செய்தியுமாகும்.

நரம்பு என்னும் பெயரே யாழின் தந்தி உயிர்ப்பொருளால் ஆயது என்பதைச் சுட்டுகிறது. விலங்கின் குடலையோ நரம்பையோ முறுக்கிச் செய்த தந்தி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அதனால் அதன் இழுவிசை மாறும். சுருதி நிலை பிறழும். மெல்லிய வெம்மை ஈரத்தைப் போக்கித் தந்தியைப் பாடற்கு ஏற்ற நிலைக்குக் கொணரும். தீயில் நேரே காட்டின் தந்தி கருகிவிடும். உடலின் வெம்மையே அளவான வெம்மை. பருவத்திற்கேற்பக் கருவியைப் பேணும் இவ்வறிவு பயிற்சியால் மட்டுமே வருவது. 1947இல் வெளிவந்த யாழ்நூலில் விபுலாநந்த அடிகள் பழந்தமிழ் யாழின் அமைப்பையும் பண்முறையையும் மீட்டுருவாக்க முயன்றார். அம்முயற்சியைத் தொடர்வோர் இத்தகைய பருவக் குறிப்புகளையும் கருவியியல் சான்றுகளாகக் கொள்ளுதல் வேண்டும்.

இவ்வறிவின் மற்றொரு வடிவம் இன்றும் நம் கண்முன் உள்ளது. பறை இசைப்போர் அடிக்கத் தொடங்குமுன் வைக்கோலையோ தாளையோ கொளுத்தி, அத்தீயில் பறையின் முகத்தைக் காய்ச்சுகின்றனர். ஈரத்தால் தளர்ந்த தோல் வெம்மையால் இறுகி ஒலி பெறுகிறது. மாடத்தின் உள்ளே யாழ்நரம்பிற்கு உடல்வெம்மை, தெருவில் பறைத்தோலுக்குத் தீவெம்மை. இரண்டும் ஒரே அறிவின் கிளைகள். ஒன்று ஏட்டில் ஏறியது. மற்றொன்று கைவழியாகவே வாழ்கிறது.

தீயின் நான்கு நிலைகள்

நெடுநல்வாடை கூதிரின் இன்பத்தைப் பாடும் பாட்டு என்று மட்டும் கொண்டால் அதன் பாதியையே கண்டவராவோம். பாட்டு முழுவதும் தீ தொடர்ந்து வருகிறது. ஆயின், ஒவ்வோரிடத்தும் அதன் பொருள் மாறுகிறது.

முதலாவது, கோவலரின் தீ. வெள்ளத்தை வெறுத்து மேட்டு நிலத்திற்கு ஆனிரையை ஓட்டிய இடையர், பழகிய நிலம் நீங்கிய வருத்தத்தோடு, அணிந்த காந்தட் கண்ணி நனைந்து உருக்குலைய, கொள்ளித்தீயில் கை காய்ச்சிக் கவுள் நடுங்க நிற்கின்றனர். அவர்களுக்குச் சுவரும் இல்லை, கதவும் இல்லை. விலங்குகள் மேயலை மறக்கின்றன. கறவைகள் பால் உண்ண வரும் கன்றையும் உதைக்கின்றன. இரண்டாவது, நகரத்து மாடங்களின் தடவுத்தீ. முதல் தீ உயிர் காப்பது. இரண்டாவது தீ இன்பம் பயப்பது. மூன்றாவது, அரண்மனையில் யவனர் செய்த பாவை ஏந்திய விளக்கின் சுடர். எண்ணெய்க்கும் திரிக்கும் குறைவில்லை. ஆயினும் அவ்வொளியின் கீழ் அரசி அணிகலன் நீக்கிக் கிடக்கிறாள். தந்தக் கட்டிலும், மேற்கட்டியில் எழுதிய உரோகிணியும் திங்களும் அவள் துயரையே பெருக்குகின்றன. செவிலியர் குறியவும் நெடியவுமாகப் பல மொழி கூறித் தேற்றுகின்றனர். அங்கு யாழ் ஒலித்ததாகப் புலவர் கூறவில்லை. நான்காவது, பாசறையின் விளக்கு. வாடை வீசுந்தோறும் அச்சுடர் அசைகிறது. நள்ளிரவிலும் உறங்காத வேந்தன் சிலரோடு சென்று புண்பட்ட வீரரைக் காண்கிறான்.

குறிஞ்சிக்குரிய பெரும்பொழுதாகக் கூதிரைத் தொல்காப்பியம் வைத்தது. குறிஞ்சி புணர்தற்குரிய திணை. புணர்தற்குரிய பருவத்தில் பிரிவை வைத்ததே நக்கீரரின் திறம். தீயும் புகையும் இசையும் கூதிரின் துணைக்கருவிகளே. உடனிருப்போர் இன்மையின், செல்வத்தின் உச்சியிலும் அவை பயனற்றுப் போகின்றன. கோவலர்க்குக் கூரை இல்லை; அரசிக்குத் துணை இல்லை; வேந்தனுக்கு உறக்கம் இல்லை. இடையிலுள்ள நகரத்தார்க்கே கூதிர் இன்பமாயிற்று. அவர்க்கும் அது முழுமையன்று. காதலரைப் பிரிந்தோர் வருந்தும் செய்தியோடுதான் யாழ்க்காட்சியும் முடிவுறுகிறது.

பிற்கால நிலை

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையும் மதுரையில் கூதிரைக் காட்டுகிறது. முகில் தோயும் மாடத்தில் அகில் விறகின் தீ மூட்டி, மகளிரும் மைந்தரும் சாளரங்களின் குறுகிய கண்களை அடைக்கின்றனர். ஆயின் அங்குள்ள ஆடவரின் மார்பில் நறுஞ்சாந்து பூசப்பட்டுள்ளது. கூதிரில் சந்தனம் துறக்கப்படும் என்னும் நெடுநல்வாடையின் குறிப்போடு இது மாறுபடுகிறது. இளங்கோவடிகள் மரபு வழிப்பட்ட அடைமொழியை ஆண்டார் என்றும், நக்கீரர் கண்டதைக் கண்டவாறு பதிந்தார் என்றும் கொள்வது பொருந்தும். காப்பியத்தில் கூதிர் பருவவரிசையின் ஓர் உறுப்பு. பாட்டிலோ அது வாழ்ந்த அனுபவம்.

மழை நீங்கிய பின் மக்கள் மீண்டும் வெளிவருவதையும் நக்கீரரே பாடியுள்ளார். அகநானூற்றின் 141ஆம் பாடல், மழை ஓய்ந்த வானில் முழுமதி அறுமீனைச் சேரும் நாளில், தெருவெங்கும் விளக்கேற்றி மாலை தொங்கவிட்டுப் பலரும் கூடி எடுக்கும் விழாவைக் கூறுகிறது. கார்த்திகை விளக்கீட்டின் பழஞ்சான்றாக இதனை அறிஞர் காட்டுவர். கூதிர் முழுவதும் வீட்டினுள் அடைபட்டிருந்த தீ, அன்று தெருவிற்கு வருகிறது. சரத்தின் நிலாவிழாவிற்கு ஒப்பான ஒன்றைத் தமிழில் தேடுவோர் கூதிரின் நடுவில் தேடலாகாது. அதன் இறுதியில்தான் தேட வேண்டும்.

இக்காலத்துச் சென்னை மார்கழி இசைவிழாவைப் பண்டைக் கூதிர் இசையின் தொடர்ச்சியாகக் கருதலும் ஏற்புடையதன்று. 1927 திசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரசு மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாடும், அதன் பயனாக 1928இல் தோன்றிய மியூசிக் அகாதெமியுமே அவ்விழாக் காலத்திற்கு அடித்தளம். மழை ஓய்ந்த முன்பனிப் பொழுது அரங்கிற்கு வசதியாய் அமைந்தது என்னலாம். மரபுத் தொடர்ச்சி என்னலாகாது.

முடிவுரை

கூதிரின் இன்பங்கள் வானத்திலிருந்து பிறந்தவையல்ல. வானத்திலிருந்து காத்துக்கொண்டதால் பிறந்தவை. மூடிய கதவு, தடவுத்தீ, அகிற்புகை, வெம்மை ஊட்டப்பெற்ற யாழ் ஆகியவை ஒரு செழித்த நகரத்தின் பொருள் வளத்தையும் கலைஞரின் தொழிலறிவையும் ஒருங்கே காட்டுகின்றன. அதே பாட்டின் தொடக்கத்தில் நனைந்து நிற்கும் கோவலரை விட்டுவிட்டு இவ்வின்பங்களை மட்டும் எடுத்துக்காட்டுவது புலவர் வகுத்த வரிசையைக் குலைப்பதாகும். மாடத்தின் தடவுத்தீக்கு முன்னே கோவலரின் கொள்ளித்தீயை வைத்த பின்னரே நக்கீரர் நம்மை நகரத்தினுள் அழைத்துச் செல்கிறார். சரத் என்றும் இலையுதிர் காலம் என்றும் பெயர்த்தால் இவ்வரிசை மறைந்துபோம். கூதிரைக் கூதிர் என்றே வழங்கி, அதன் மழையையும் குளிரையும் சேர்த்து விளக்குதலே மாணாக்கர்க்கும் பிறமொழி அறிஞர்க்கும் நாம் செய்யத்தக்கது.