மூழ்கியும் பிழைக்கும் நெல்

தண்ணீரில் நிற்கும் பயிர் என்று பேரெடுத்த நெல், தண்ணீருக்குள் மூழ்கினால் தாங்காது. இலைநுனியையும் மூடி வெள்ளம் ஏறி, ஒரு வாரத்துக்கு மேல் வடியாமல் நின்றால் பெரும்பாலான ரகங்கள் அழுகிப்போகும். மகாநதி, பிராமணி, வைதரணி ஆறுகள் பாயும் ஒடிசாவின் கடலோர மாவட்டங்களிலும், வடக்குப் பீகார், அசாம், கிழக்கு உத்தரப் பிரதேசம், வங்கதேசம் ஆகிய பகுதிகளிலும் இது பருவமழைதோறும் நடக்கும் சேதம். இந்தியாவும் வங்கதேசமும் இவ்வாறு இழக்கும் நெல் ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டன் என்பது ஆராய்ச்சியாளர்கள் சொல்லிவரும் மதிப்பீடு. பசுமைப் புரட்சி கொண்டுவந்த குட்டை ரகங்கள் இந்தப் பகுதிகளுக்குப் பொருந்தவில்லை. உயரம் குறைந்த பயிர் வெள்ளத்தில் முதலில் மூழ்கியது. பாசன வசதியுள்ள பஞ்சாபும் காவிரி டெல்டாவும் புதிய ரகங்களுக்கு மாறிய பிறகும் கிழக்கிந்தியாவின் தாழ்வான வயல்கள் நெடுங்காலம் பழைய ரகங்களையே நம்பியிருந்தன.

அந்தப் பழைய ரகங்களில் ஒன்றுதான் பின்னாளில் விடை தந்தது. ஒடிசா உழவர்கள் பயிரிட்டுவந்த தால்புட்டியா என்ற நாட்டு நெல்லிலிருந்து 1940களில் தூய வரிசைத் தேர்வு முறையில் ஒரு ரகம் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் பெயர் எஃப்.ஆர்.13ஏ. முதல் இரண்டு எழுத்துகள் வெள்ளம் தாங்கும் தன்மையைக் குறிப்பவை. அதே காலத்தில், 1943 வங்கப் பஞ்சத்தின் பின்விளைவாக, 1946-இல் கட்டாக்கில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பெயர்பெற்ற கே. ராமையா அதன் முதல் இயக்குநர். எஃப்.ஆர்.13ஏ வெள்ளத்தைத் தாங்கியது, ஆனால் விளைச்சல் குறைவு. வெளியான காலத்தில் அது பெரிதாகப் பரவவில்லை.

பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் 1960-இல் நிறுவப்பட்ட பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஆசியா முழுவதிலிருந்தும் நாட்டு ரகங்களின் விதைகளைத் திரட்டிச் சேமித்தது. 1970களில் அங்கே பெனிட்டோ வெர்கராவும் உடன் பணியாற்றியவர்களும் இளம் நாற்றுகளைத் தொட்டிகளில் முழுக்க மூழ்கவைத்து, நீரை வடித்தபின் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ணினார்கள். ஆயிரக்கணக்கான ரகங்களில் தேறியவை மிகச் சில. எஃப்.ஆர்.13ஏ அவற்றில் முன்னணியில் நின்றது. இலங்கையிலிருந்து சென்ற குர்கருப்பன், தவளு, கொட ஹீனடி ஆகிய நாட்டு ரகங்களும் தாங்கின.

வெள்ளத்தை எதிர்கொள்ள நெல்லுக்கு இரண்டு வழிகள் உண்டு. வங்கதேசத்திலும் தாய்லாந்திலும் மாதக்கணக்கில் நீர் தேங்கும் இடங்களில் விளையும் ஆழ்நீர் நெல், வெள்ளம் ஏற ஏறத் தண்டை நீட்டி நீர்மட்டத்துக்கு மேல் தலையைத் தூக்கிக்கொள்ளும். ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேலும் அது வளரக்கூடும். திடீரென வந்து பத்துப் பதினைந்து நாளில் வடியும் வெள்ளத்தில் இந்த உத்தி பயனற்றது. நீண்ட தண்டு நீர் வடிந்ததும் தாங்கலின்றிச் சாய்ந்துவிடும். எஃப்.ஆர்.13ஏ செய்வது இதற்கு நேர்மாறு: வளர்ச்சியை நிறுத்தி, சேமித்த மாவுச்சத்தையும் சர்க்கரையையும் செலவழிக்காமல் காத்திருந்து, நீர் வடிந்த பின் மறுபடி துளிர்த்துத் தூர் கட்டும். இரண்டு வாரம் வரை அதனால் அப்படித் தாக்குப்பிடிக்க முடியும்.

இந்தக் குணத்தை நல்ல விளைச்சல் தரும் ரகங்களுக்குள் கொண்டுவர எடுத்த முயற்சிகள் பல ஆண்டுகள் பலிக்கவில்லை. எஃப்.ஆர்.13ஏ-வுடன் ஒட்டுச் சேர்த்துப் பிறந்த வழித்தோன்றல்களில் தாங்கும் தன்மையோடு கூடவே அதிக உயரம், குறைந்த விளைச்சல், பிடிக்காத அரிசி எல்லாம் வந்து சேர்ந்தன. டேவிட் மெக்கில் உள்ளிட்ட பயிர்ப்பெருக்க வல்லுநர்கள் தாங்கும் திறனும் குட்டை உருவமும் சேர்ந்த சில வழித்தோன்றல்களை உருவாக்கியும், உழவர்கள் அவற்றை ஏற்கவில்லை. கிழக்கிந்திய உழவர் கைவசம் இருந்த ரகம் சுவர்ணா. ஆந்திரத்தின் மாருட்டேரு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய அந்த ரகத்தின் விளைச்சலும் அரிசியும் பிடித்துப்போய் அதற்குப் பழகிவிட்ட உழவரை, வெள்ளத்துக்கு அஞ்சி வேறொரு புது ரகத்துக்கு மாறச் சொன்னால் அவர் மாறமாட்டார். இந்த உண்மையை ஆராய்ச்சி உலகம் ஏற்றுக்கொண்ட பிறகே வழி திறந்தது.

1996-இல் கெனாங் ஷூவும் மெக்கிலும், இந்தத் தாங்கும் திறனின் பெரும்பகுதி 9ஆம் குரோமோசோமில் ஓரிடத்தில் குவிந்திருப்பதைக் காட்டினார்கள். சப்1 என்று அந்த இடத்துக்குப் பெயரிட்டார்கள். பல மரபணுக்களில் சிதறிக்கிடக்கும் குணமாக இருந்திருந்தால் அதை இன்னொரு ரகத்துக்கு மாற்றுவது மிகக் கடினமாகியிருக்கும். 2006-இல் ஷூ, மெக்கில், கலிபோர்னியாவின் பமேலா ரொனால்ட், ஜூலியா பெய்லி-செரஸ் ஆகியோர் அடங்கிய குழு சப்1ஏ மரபணுவை அடையாளம் கண்டு வெளியிட்டது. நீருக்குள் மூழ்கிய பயிரில் எத்திலீன் வாயு வெளியேற வழியின்றித் தேங்குகிறது. சாதாரண நெல் அதைத் தண்டை நீட்டச் சொல்லும் கட்டளையாக எடுத்துக்கொண்டு, இருப்பில் உள்ள சத்தையெல்லாம் வளர்ச்சியில் கரைத்து இறக்கிறது. சப்1ஏ இருக்கும் பயிரில் அதே எத்திலீன், நீட்சிக்கு வேண்டிய ஜிப்ரலின் செயல்படாதபடி தடை போடுகிறது.

லாஸ் பானோஸில் சுவர்ணாவோடு சப்1 கொண்ட செடியை ஒட்டுச் சேர்த்து, பிறந்த செடிகளை மீண்டும் மீண்டும் சுவர்ணாவோடே பிற்கலப்பு செய்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணுக் குறிப்பான்களைக் கொண்டு, சப்1 இருந்து மற்றவை பெரும்பாலும் சுவர்ணாவாக இருக்கும் செடிகளை மட்டும் தேர்ந்தார்கள். பழைய முறையில் ஆறேழு பிற்கலப்பு வேண்டியிருக்கும் வேலை இரண்டு மூன்றில் முடிந்தது. இதில் ஒட்டும் தேர்வும் மட்டுமே உண்டு. அயல் மரபணுவைப் புகுத்தும் தொழில்நுட்பம் இல்லை. ஆகவே மரபணு மாற்றுப் பயிர்களுக்கான கட்டுப்பாடுகள் இதற்குப் பொருந்தவில்லை. சுவர்ணாவின் உமி பொன்னிறம், சுவர்ணா-சப்1-இன் உமி வைக்கோல் நிறம். உமி நிறத்தை மாற்றும் மரபணு சப்1-ஐ ஒட்டியே இருப்பதால் அதுவும் கூடவே வந்துவிட்டது. இரண்டையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிய இந்த வேறுபாடு உதவியது.

2009-இல் சுவர்ணா-சப்1 இந்தியாவில் வெளியிடப்பட்டது. அடுத்த ஆண்டு வங்கதேசம் அதை பி.ஆர்.ஆர்.ஐ. தான் 51 என்ற பெயரில் வெளியிட்டது. நேபாளம், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளும் தத்தமக்குப் பிடித்த ரகங்களின் சப்1 வடிவங்களைப் பெற்றன. ஒடிசாவில் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஒரு கள ஆய்வு, வயல் 10 நாள் மூழ்கியபோது சுவர்ணாவைவிடச் சுவர்ணா-சப்1 சுமார் 45 விழுக்காடு கூடுதலாக விளைந்ததைக் கண்டது. வெள்ளம் வராத ஆண்டில் இரண்டுக்கும் வேறுபாடில்லை. ஒடிசாவில் வெள்ளம் அடிக்கடி ஏறும் தாழ்வான நிலம் பெரும்பாலும் பட்டியல் சாதி உழவர்களிடம் இருப்பதால், இந்த விதையின் பயன் அவர்களுக்கே கூடுதலாகச் சேரும் என்றும் அதே ஆய்வு காட்டியது. வேளாண் ஆராய்ச்சியில் இப்படி அடித்தட்டு உழவரை முதலில் சேரும் பயன் அரிது. அடுத்து வந்த ஆய்வு, மூழ்கிப்போகும் அச்சம் குறைந்த உழவர்கள் உரத்துக்குக் கூடுதலாகச் செலவிட்டதையும், நேரடித் தெளிப்பைக் குறைத்து நடவுக்கு மாறியதையும், துணிந்து கடன் வாங்கியதையும் பதிவு செய்தது. பயிரைக் காத்த விதை, வெள்ளம் வராத ஆண்டிலும் விளைச்சலைக் கூட்ட வழிசெய்தது.

தமிழ்நாட்டுக்கும் இந்த மரபணு வந்தது. கட்டாக்கில் உருவாகி, காவிரி டெல்டாவில் சாவித்திரி என்றும் பொன்மணி என்றும் வழங்கி, இட்லிக்கு உகந்த குண்டு அரிசி தரும் சி.ஆர்.1009 ரகத்தின் சப்1 வடிவம் சம்பாப் பருவத்துக்கு ஏற்றதாகப் பரிந்துரைக்கப்படுகிறது. வடகிழக்குப் பருவமழையில் இளம் பயிர் மூழ்கும் வயல்களுக்கு அது பொருத்தமானது. மடுமுழுங்கி போன்ற வெள்ளம் தாங்கும் நாட்டு நெல் ரகங்கள் டெல்டாவிலும் உண்டு.

சப்1-க்கு எல்லைகள் உள்ளன. முளைக்கும் விதை நீருக்கடியில் சிக்கினாலும், பயிர் பூக்கும் பருவத்தில் மூழ்கினாலும் அது காப்பாற்றாது. வாரக்கணக்கில் அரை ஆள் உயரம் நீர் தேங்கும் வயலுக்கும் அது போதாது. கலங்கிய நீரில் வெளிச்சம் குறைவதால் தாங்கும் நாள்களும் குறைகின்றன. முளைக்கும் பருவத்துக்கு மியான்மர் நாட்டு ரகமொன்றிலிருந்து வேறொரு மரபணு கண்டறியப்பட்டிருக்கிறது. வெள்ளத்தோடு வறட்சியையும் தாங்கும் சி.ஆர். தான் 801, 802 ரகங்களைக் கட்டாக் நிலையம் வெளியிட்டுள்ளது.

நெல் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். சப்1 ரகத்தின் விதையை உழவர் எடுத்துவைத்து மறு ஆண்டு விதைக்கலாம், பக்கத்து வயல்காரருக்கும் கொடுக்கலாம். உழவருக்கு இது பெரிய நன்மை. ஆனால் ஆண்டுதோறும் விதை விற்று லாபம் பார்க்கும் நிறுவனங்களுக்கு இதில் அக்கறை இராது. ஆகவே இந்த விதையைப் பெருக்கித் தாழ்வான வயல்களுக்குச் சேர்க்கும் பொறுப்பு அரசு விதைப் பண்ணைகளையும் வேளாண் பல்கலைக்கழகங்களையுமே சாரும்.