கிறித்தவ வழிபாட்டில் விளக்கு

கிறித்தவ வழிபாட்டில் விளக்கு என்பது கடவுளின் உடனிருப்பையும், உலகின் ஒளியாக நம்பப்படும் இயேசு கிறித்துவையும் குறிக்கும் அடையாளம் ஆகும். எண்ணெய் விளக்கு, மெழுகுதிரி ஆகிய இரண்டும் இப்பொருளில் பயன்படுகின்றன. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் கோவில்கள் பலவற்றில் குத்துவிளக்கும் ஏற்றப்படுகிறது. இந்தியத் திருப்பலியில் மெழுகுதிரிக்குப் பதிலாக எண்ணெய் விளக்கைப் பயன்படுத்த 1969ஆம் ஆண்டு உரோமை இசைவு அளித்தது.

விவிலியப் பின்னணி

விடுதலைப் பயண நூலின் 25ஆம் அதிகாரம் ஏழு அகல்கள் கொண்ட பொன் விளக்குத் தண்டை விவரிக்கிறது. தூய ஒலிவ எண்ணெயால் திருக்கூடார விளக்கு எரிய வேண்டும் என்று அதன் 27ஆம் அதிகாரம் விதிக்கிறது.

புதிய ஏற்பாட்டில், இயேசு தம்மை உலகின் ஒளி என்று அறிவிப்பதை யோவான் நற்செய்தி (8:12) பதிவு செய்கிறது. மத்தேயு நற்செய்தியில் (5:14-16) அவர் அதே பெயரைத் தம் சீடர்களுக்கு வழங்குகிறார். ஆகவே ஒளி கிறித்துவை மட்டுமன்றி, அவரைப் பின்பற்றுவோரின் கடமையையும் குறிக்கிறது. பத்துக் கன்னியர் உவமையில் (மத்தேயு 25:1-13) எரியும் விளக்கு விழிப்புடன் காத்திருத்தலின் அடையாளமாகும்.

தொடக்க காலக் கருத்து வேறுபாடு

பகலில் விளக்கேற்றுவது பிற சமயத்தாரின் வழக்கம் என்று கருதிய தெர்த்துல்லியன், அதனைக் கண்டித்தார். ஒளியைப் படைத்த கடவுளுக்கு விளக்கு எதற்கு என்று 4ஆம் நூற்றாண்டில் இலக்தான்சியு வினவினார். கி.பி. 406 அளவில் புனித எரோணிமுசு இதற்கு மாறான விளக்கம் தந்தார். கிழக்குத் திருச்சபைகளில் நற்செய்தி வாசிக்கும்போது வெயில் இருந்தாலும் விளக்கேற்றுகின்றனர் என்றும், அது இருளை நீக்குவதற்கன்று, மகிழ்ச்சியை வெளிப்படுத்துவதற்கே என்றும் அவர் எழுதினார். பொருள் மாறினால் வழக்கமும் மாறிவிடுகிறது என்ற இக்கருத்தே பின்னாளில் நிலைபெற்றது.

கத்தோலிக்க வழிபாட்டில் பயன்பாடு

* அணையா விளக்கு: நற்கருணைப் பேழையின் அருகே இடைவிடாது எரியும் விளக்கு. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 940ஆம் பிரிவு இதனைக் கட்டாயமாக்குகிறது. பெரிய வியாழன் இரவு நற்கருணை வேறிடத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பேழை வெறுமையாவதால் இது அணைக்கப்படுகிறது.
* பாஸ்கா திரி: உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய இரவில் புதுத்தீயிலிருந்து ஏற்றப்படும் பெரிய மெழுகுதிரி. இதில் சிலுவையும், அவ்வாண்டின் நான்கு இலக்கங்களும், கிரேக்க நெடுங்கணக்கின் முதல், இறுதி எழுத்துகளும் பொறிக்கப்படுகின்றன. 1995ஆம் ஆண்டு வெளிவந்த தமிழ்த் திருவிவிலியம் அவ்வெழுத்துகளை அகரம், னகரம் என்று தமிழாக்கியுள்ளது. திரியில் பதிக்கப்படும் ஐந்து சாம்பிராணி மணிகள் கிறித்துவின் ஐந்து காயங்களைக் குறிக்கின்றன.
* திருமுழுக்குத் திரி: பாஸ்கா திரியிலிருந்து ஏற்றித் திருமுழுக்குப் பெறுபவருக்கு வழங்கப்படுகிறது. அடக்கச் சடங்கில் பாஸ்கா திரி சவப்பெட்டியின் அருகே வைக்கப்படுவதால், கிறித்தவ வாழ்வின் தொடக்கமும் முடிவும் ஒரே ஒளியில் நிகழ்வதாகக் கருதப்படுகிறது.
* கல்லறைத் திருநாள்: நவம்பர் 2ஆம் நாள் தமிழ்நாட்டில் குடும்பத்தினர் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றி இறந்தோருக்காக மன்றாடுகின்றனர்.

குத்துவிளக்கும் பண்பாட்டுமயமாக்கலும்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டு வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, மக்களின் பண்பாட்டிற்கேற்ப வழிபாட்டைத் தகவமைக்க வழிவகுத்தது. இதன் தொடர்ச்சியாக இந்திய ஆயர்கள் முன்வைத்த பன்னிரு மாற்றங்களை 1969 ஏப்ரல் 25 அன்று உரோமை ஏற்றது. மெழுகுதிரிக்குப் பதில் எண்ணெய் விளக்கைப் பயன்படுத்துவதும், திருப்பலித் தொடக்கத்தில் விளக்கேற்றுவதும் அவற்றுள் அடங்கும்.

இம்முயற்சியில் முன்னின்றவர் அருட்தந்தை து. சா. அமலோற்பவதாசு (1932-1990). இவர் புதுச்சேரி உயர்மறைமாவட்டத்தின் கல்லேரியைச் சேர்ந்தவர். பெங்களூருவிலுள்ள தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்தின் நிறுவன இயக்குநர். வடக்கனந்தல் உள்ளிட்ட கள்ளக்குறிச்சி மாவட்டப் பகுதிகள் இன்று புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்தின் எல்லைக்குள் அமைந்துள்ளன.

கோவில்களில் பயன்படும் குத்துவிளக்கின் உச்சியில் பெரும்பாலும் சிலுவை அமைந்திருக்கும். கேரளத்தின் தோமா கிறித்தவர்களிடையேயும் சிலுவை பொருத்திய நிலவிளக்கு வழக்கில் உள்ளது.

எதிர்ப்பும் விளக்கமும்

பன்னிரு மாற்றங்கள் திருச்சபையை இந்துமயமாக்குவதாகக் கத்தோலிக்கர் சிலர் எதிர்த்தனர். பெந்தகோசுத்து சபையினர் உள்ளிட்ட பலர் வழிபாட்டில் குத்துவிளக்கை ஏற்பதில்லை. ஆதரிப்போர், விவிலியம் கூறும் திருக்கூடார விளக்கும் கன்னியரின் விளக்குகளும் எண்ணெய் விளக்குகளே என்பதைச் சுட்டுகின்றனர். இவ்வகையில் எண்ணெய் விளக்கு மெழுகுதிரியைவிட விவிலியத்திற்கு நெருக்கமானது. பிற சமயத்தாரின் வழக்கம் எனத் தெர்த்துல்லியன் எழுப்பிய தடையே, பல நூற்றாண்டுகளுக்குப் பின் தமிழகத்தில் குத்துவிளக்கை முன்னிட்டு மீண்டும் எழுந்தது எனலாம்.