கடுமையான கரோனரி நோய்த்தொகுதி

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோனரி தமனியில் ஓட்டம் திடீரெனக் குறைவதாலோ நிற்பதாலோ எழும் அவசரநிலைகளின் பொதுப்பெயர். தமனிச் சுவரின் கொழுப்புப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைவதே பெரும்பாலும் காரணம். நிலையற்ற ஆஞ்சைனா, எஸ்டி உயராத மாரடைப்பு, எஸ்டி உயர்ந்த மாரடைப்பு என மூன்று வகை. முதல் வகையில் டிரோபோனின் உயராது; மற்ற இரண்டிலும் தசை அழிவதால் உயரும்.

நெஞ்சை அழுத்தும் வலி இடக்கைக்கும் தாடைக்கும் பரவுவதும், வியர்த்துக் கொட்டுவதும் பாடநூல் அறிகுறிகள். நீரிழிவு நோயாளிகள், முதியோர், பெண்கள் சிலரிடம் மூச்சுத்திணறல், குமட்டல், மேல்வயிற்று எரிச்சல் மட்டுமே இருக்கலாம். ஆகவே 'வாயுப் பிடிப்பு' என்று வருபவருக்கும் 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுத்தாக வேண்டும். அது இயல்பாக இருந்தும் வலி தொடர்ந்தால் மீண்டும் மீண்டும் எடுக்க வேண்டும். மாணவர் மறக்கவே கூடாத விதி இது. 2, 3, ஏவிஎஃப் லீடுகளில் எஸ்டி உயர்ந்திருந்தால் வலப்புற லீடுகளையும் பார்க்க வேண்டும். வல வென்ட்ரிக்கிள் பாதிக்கப்பட்டவருக்கு நைட்ரேட் கொடுத்தால் இரத்த அழுத்தம் அபாயகரமாகச் சரியும்.

ஒவ்வாமை இல்லையெனில் ஆஸ்பிரின் 300 மி.கி. மென்று விழுங்கச் செய்ய வேண்டும். கூடவே குளோபிடோக்ரெல் அல்லது டிகாகிரெலார், ஹெப்பாரின். ஆக்சிஜன் செறிவு 90 விழுக்காட்டுக்குக் கீழிறங்கினால் மட்டுமே ஆக்சிஜன்.

எஸ்டி உயர்ந்த வகையில் 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி கிடைக்குமானால் அதுவே முதல் தேர்வு. கிடைக்காத ஊரில், வலி தொடங்கி 12 மணி நேரத்துக்குள், இரத்தக்கசிவு அபாயம், பெருந்தமனிக் கிழிவு ஆகியவை இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, டெனெக்டெபிளேஸ் அல்லது ஸ்ட்ரெப்டோகைனேஸ் செலுத்தி, ஆஞ்சியோகிராம் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே அனுப்ப வேண்டும். எஸ்டி உயராத வகைக்கு உறைவு கரைக்கும் மருந்து கூடாது.